சைலன்சர் வெடியும் கொல்லிமலை இறக்கமும்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளில் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு, கிளட்சைப் பிடிக்காமல், கியரிலேயே வண்டியின் வேகம் தணியுமாறு விடும்போது சைலன்சருக்குள்ளிருந்து 'பட், பட்பட்' என்று எழும் வெடியோசை, நாமக்கல்லை அடுத்த கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில் வளர்ந்தோரின் காதுக்கு மிகப் பழகிய ஒன்றாகும். காரவள்ளியில் தொடங்கி மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறங்கி வரும் வண்டி அவை ஒவ்வொன்றுக்கும் முன்னர் ஆக்சிலேட்டரை விட்டாக வேண்டும் என்பதால், சமவெளியில் ஓடும்போது மறைந்து கிடக்கும் கோளாறும் அச்சாலையில் வெளிப்பட்டுவிடும். கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் அங்கே கேட்ட அதே ஓசை, சிறு கணிப்பொறி ஒன்று அளந்து பெட்ரோல் ஊட்டும் இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலிருந்தும், வார இறுதிகளில் பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து மலையேறும் கூட்டத்துக்கு நடுவே, வளைவுக்கு வளைவு எழுகிறது. அதைக் கேட்கும் உள்ளூர்க்காரர்களுக்கு, சேந்தமங்கலம் சாலையோரம் ஓட்டுக் கூரையின்கீழ் இயங்கிய ஒரு பட்டறையும், வண்டியைத் தொடுவதற்கு முன் அதன் சத்தத்தைக் கேட்டுத் தெளிய விரும்பிய அதன் மெக்கானிக்கும் நினைவுக்கு வருவது இயல்பே.

ஓசையின் காரணத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பெட்ரோல் முழுவதும் எரிய வேண்டுமாயின் அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று தேவை. காற்று இதைவிட மிகுந்த கலவையை 'லீன்' என்றும், பெட்ரோல் மிகுந்த கலவையை 'ரிச்' என்றும் பட்டறைகளில் சொல்வர். ஆக்சிலேட்டரை விட்டவுடன் காற்று நுழையும் வழியிலுள்ள தகடு மூடிக்கொள்கிறது. சக்கரமோ எஞ்சினைத் தொடர்ந்து வேகமாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே சிலிண்டருக்குள் மிகக் குறைந்த கலவையே நுழைகிறது, நுழைந்த அதுவும் முந்தைய சுற்றில் வெளியேறாமல் தங்கிய எரிந்த வாயுவோடு கலந்து நீர்த்துப்போகிறது. பிளக்கில் பொறி சரியாகவே விழுந்தாலும் இத்தகைய கலவை சில சுற்றுகளில் பற்றுவதில்லை. பற்றாத கலவை அப்படியே எக்ஸாஸ்ட் வால்வைக் கடந்து, எஞ்சினையும் சைலன்சரையும் இணைக்கும் வளைந்த குழாயாகிய பெண்ட் பைப்புக்குள் சென்றுவிடுகிறது. அங்கே சூடு ஏற்கெனவே இருக்கிறது. காற்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டால், புகைந்துகொண்டிருக்கும் விறகடுப்பில் ஊதாங்குழலை வைத்து ஊதியவுடன் குப்பென்று தீப்பிடிப்பதைப் போல, அந்த ஆவி குழாய்க்குள்ளேயே பற்றி வெடிக்கிறது. எனவே இவ்வோசையை ஆராய்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பெட்ரோல் ஏன் எரியாமல் வெளியேறியது? எரிந்து முடிந்த வாயு செல்ல வேண்டிய குழாய்க்குள் புதுக்காற்று எவ்வழியே வந்தது? முதற்கேள்வியை எல்லோரும் கேட்பர். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு. சேந்தமங்கலம் சாலைப் பட்டறையின் சிறப்பு, அங்கே இரண்டாவது கேள்வியே முதலில் கேட்கப்பட்டது என்பதுதான்.

நாமக்கல் லாரிகளின் ஊர். லாரிக்குக் கூண்டு கட்டுவதும் டீசல் எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பதும் அவ்வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில்கள். அந்த மெக்கானிக்கும் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகத் தொடங்கி, பின்னர் இருசக்கர வண்டிகளுக்கு மாறியவர். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆதலால் பிளக்கைக் கழற்றிப் பார்த்துக் குற்றம் சொல்லும் வழி அங்கே இல்லை. புகையின் நிறம், சத்தத்தின் ஒழுங்கு, புகைப்போக்கியின் வாயில் கையை வைத்தால் உள்ளங்கையில் படும் அடி ஆகியவற்றைக் கொண்டே முடிவுக்கு வர வேண்டும். லாரியில் பழகிய இந்த முறையை அவர் மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுவந்தார். வண்டி வந்து நின்றதும் டூல் பெட்டியைத் திறக்கமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சரின் முனைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிக்கொண்டு, வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். "எப்பங்க வெடிக்குது? ஆக்சிலேட்டர விட்ட ஒடனேயா, இல்ல கொஞ்சம் தணிஞ்ச பொறகா?" என்பது அவருடைய வழக்கமான முதற்கேள்வி. வண்டி சூடாவதற்கு முன்னும் வெடிக்கிறதா, அண்மையில் யாரேனும் எதையேனும் கழற்றி மாட்டினார்களா என்பவை அடுத்தடுத்து வரும். பதில் சொல்லும் பொறுமையற்றவரிடம், காரவள்ளி வரை போய்விட்டு வந்து சொல்லுமாறு சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார்.

கார்புரேட்டர் என்பது, எஞ்சின் இழுக்கும் காற்றின் வேகத்தாலேயே பெட்ரோலை உறிஞ்சித் தூவலாக்கிக் கலக்கும் கருவி. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் செல்லும் நுண்துளையை ஸ்லோ ஜெட் என்றும், அக்கலவையில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஏர் ஸ்குரூ என்றும் அழைப்பர். சைலன்சர் வெடியோடு வரும் வண்டிகளுள் பலவற்றுக்கு அக்காலத்தில் இவ்விரண்டுமே மருந்தாக அமைந்தன. ஸ்லோ ஜெட்டின் அடைப்பை ஊதி நீக்கி, ஸ்குரூவைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருப்பி, வெடி அடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவர். பிளக்கின் முனை வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி என்பது அந்நாளில் பட்டறைப் பையன்கள் முதலில் கற்ற பாடம்.

மலைக்கும் சமவெளிக்கும் இடையில் வாழ்வோருக்கு ஏர் ஸ்குரூ தனித்ததொரு தொல்லையையும் தந்தது. கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. காற்று மெலிந்ததைக் கார்புரேட்டர் அறியாது. ஆதலால் கீழே சரியாக ஓடிய வண்டி மேலே சென்றதும் ரிச் ஆகிப் புகையும். மலையூர்களில் வசிப்போர் அதற்கேற்ப ஸ்குரூவைத் திருப்பி லீன் ஆக்கிக்கொள்வர். பிறகு அதே வண்டியில் பலாப்பழமோ மிளகு மூட்டையோ ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்கும்போது, அடர்ந்த காற்று மீண்டும் வந்து சேர, கலவை மேலும் லீன் ஆகி, கடைசிப் பத்துப் பதினைந்து வளைவுகளில் சைலன்சர் விடாமல் வெடிக்கும். அடிவாரத்தில் அச்சத்தத்தைக் கேட்டே, வருவது மலைக்காரர் வண்டியா, நாமக்கல்லிலிருந்து சென்று திரும்பும் வண்டியா என்று சொல்லிவிடக்கூடியோர் இருந்தனர். இது கோளாறன்று, மேலே வைத்த அளவு கீழே பொருந்தவில்லை என்பதே செய்தி என்று மெக்கானிக் எடுத்துச் சொல்லி, மலைமேல் வாழ்வோர் வண்டியின் ஸ்குரூவைத் தொடவே மாட்டார். ஒரு வண்டியை எந்த மண்ணில் ஓட்டுகிறார்களோ அந்த மண்ணுக்கே ட்யூன் செய்ய வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அப்பிடிவாதம் முற்றிலும் நியாயமானது.

வெடியை வேண்டி விரும்பியவர்களும் உண்டு. சென்னைத் திருவொற்றியூரில் 1956 தொட்டுத் தயாரான புல்லட் வண்டிகளை வைத்திருந்த வீட்டு இளைஞர்கள், கல்யாண ஊர்வலத்திலும் கல்லூரி வாசலிலும், ஓடும் வண்டியின் சாவியை ஒரு நொடி அணைத்து மீண்டும் திருகி, 'டமார்' என்று ஒலியெழுப்புவதை ஒரு வீர விளையாட்டாகவே கருதினர். சாவியை அணைத்தால் பிளக்கில் பொறி மட்டுமே நிற்கும். கார்புரேட்டரோ எஞ்சின் சுழலும்வரை பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். எரியாத கலவை சைலன்சர் முழுதும் நிரம்பி நிற்க, சாவி மீண்டும் திரும்பியதும் அது மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். இவ்விளையாட்டில் சைலன்சரின் உள்தடுப்புகள் கிழிந்து, தையல் விட்டு, வெல்டிங் வைக்கப் பட்டறைக்கு வந்த குழாய்கள் ஏராளம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாவியை அணைத்தால் பெட்ரோலும் அக்கணமே நின்றுவிடும் என்பதால் இப்பழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் இடத்தில் சட்டத்துக்குப் புறம்பான சைலன்சர்கள் வந்தன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு அத்தகைய ஒலிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் சிறைத்தண்டனையும் விதிக்க இடமளிக்கிறது.

அதே காலத்தில் பரவியிருந்த மற்றொரு வழக்கம், இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் வண்டியை உருட்டி வருவதாகும். சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் வந்ததாகப் பெருமை பேசியோர் ஊருக்கு நால்வர் இருந்தனர். டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பதால் அது உயிருக்கு உலைவைக்கும் சிக்கனம் என்று மெக்கானிக் ஓயாமல் கண்டித்து, இரண்டாம் கியரிலேயே இறங்குமாறு சொல்வார். கியரில் இறங்கினால் பெட்ரோல் வீணாகிறதே, சைலன்சரும் வெடிக்கிறதே என்று அவர்கள் முறையிடுவர். அன்றைய நிலையில் அம்முறையீட்டிலும் உண்மை இருந்தது, ஏனெனில் கியரில் இறங்கும்போது கார்புரேட்டர் ஸ்லோ ஜெட் வழியாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். இன்று கணக்கு தலைகீழாகிவிட்டது. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், ஆக்சிலேட்டர் மூடியும் எஞ்சின் வேகமாகச் சுழன்றும் இருக்கும்வரை பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு இறங்கினால்தான் அது செலவாகிறது. பெரியவர் உயிருக்கு அஞ்சிச் சொன்ன அறிவுரை, இப்போது மைலேஜுக்கும் உகந்ததாகிவிட்டது.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மோட்டார் சைக்கிளுக்கு வந்த வரலாறு நெடியது. 1980இல் கவாசாகி நிறுவனம் 1000 சிசி வண்டியொன்றில் அதைப் பொருத்தியது. இந்தியச் சாலைகளுக்கு அது 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வழியாக எட்டியது; 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் ஏறத்தாழ முற்றிலும் விடைபெற்றது. இம்முறையில் டாங்குக்குள் உள்ள பம்பு, வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு அளவு அழுத்தத்தில் பெட்ரோலை இன்ஜெக்டர் என்னும் மின்வால்வுக்கு அனுப்புகிறது. அது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை இ.சி.யு. எனப்படும் கணிப்பெட்டி, ஆக்சிலேட்டரின் திறப்பு, காற்றின் அழுத்தம், வெப்பநிலை, எஞ்சினின் சுழற்சி ஆகியவற்றைச் சென்சார்கள் வழியே அறிந்து முடிவு செய்கிறது. பெண்ட் பைப்பில் திருகப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்த வாயுவில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்பதை முகர்ந்து, மிஞ்சினால் 0.1 வோல்ட்டை ஒட்டியும், மிஞ்சாவிட்டால் 0.9 வோல்ட்டை ஒட்டியும் செய்தி அனுப்புகிறது. ஆக்சிஜன் மிஞ்சினால் கலவை லீன் என்று முடிவு செய்யும் கணிப்பெட்டி, பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது. மலையேறினாலும் இறங்கினாலும் காற்றழுத்தம் அளக்கப்பட்டுவிடுவதால், மலைக்காரர் வண்டி அடிவாரத்தில் வெடிக்கும் நிலையும் மறைந்தது. திருப்புவதற்கு ஸ்குரூவே இல்லாத வண்டியைப் பார்த்து வட்டாரத்துப் பழைய மெக்கானிக்குகள் பலர் ஒதுங்கிக்கொண்டனர். வயது முதிர்ந்த நிலையிலும் சேந்தமங்கலம் சாலைக்காரர் ஒதுங்கவில்லை. அவருடைய மகன் ஸ்கேனர் எனப்படும், கணிப்பெட்டியின் குறிப்புகளைப் படிக்கும் கருவியை வாங்கியபோது, அதன் திரையில் ஓடும் எண்கள் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கின்றன என்று மகனை அருகிலிருத்திக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அப்பட்டறையில் வேலை கற்றோர் இன்றும் எடுத்துச் சொல்லும் ஒரு வண்டி உண்டு. மலைமேல் ஒரு பள்ளியில் பணியாற்றிய இளம் ஆசிரியருடையது. ஒற்றை சிலிண்டர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். நாள்தோறும் அதில் மலையேறி இறங்குபவர் அவர். "ஏறும்போது ஒண்ணுமில்லீங்ணா, எறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டா பட்டாசு மாதிரி வெடிக்குதுங்ணா, மைலேஜும் கொறஞ்சு போச்சுங்ணா" என்பது அவருடைய முறையீடு. வேறொரு சர்வீஸ் சென்டரில் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்திருந்தனர், பிளக்கையும் ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றியிருந்தனர். ஸ்கேனரில் எந்தக் குற்றக் குறியும் வரவில்லை என்பதால் வண்டி நலமாக உள்ளதென்று திருப்பி அனுப்பியிருந்தனர். வெடி நிற்கவில்லை.

மகன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் லீன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கணிப்பெட்டியும் தன்னால் இயன்ற அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. அந்த அளவு குற்றக் குறி எழும் எல்லையைத் தாண்டவில்லை, ஆகவே திரையில் எச்சரிக்கையும் இல்லை. லீன் என்றால் பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம் என்று மகன் கருதியது பொருந்தாத ஊகமன்று. தந்தை பிளக்கைக் கழற்றச் சொன்னார். மாற்றி அதிக காலம் ஆகாத அந்தப் பிளக், முனையிலிருந்து மறை தொடங்கும் இடம் வரை, தொட்டால் விரலில் ஒட்டும் கரியோடு வெளிவந்தது. சிலிண்டருக்குள் எரியும் கலவை ரிச். சிலிண்டரைக் கடந்து குழாய்க்குள் வந்ததும் லீன். ஒரே எஞ்சினைப் பற்றி இரண்டு சாட்சிகள் எதிரெதிராகப் பேசின, இரண்டும் பொய் சொல்லவில்லை. இரண்டும் மெய்யாயின், பிளக்குக்கும் சென்சாருக்கும் இடைப்பட்ட ஏதோவோர் இடத்தில் வெளிக்காற்று உள்ளே நுழைந்திருக்க வேண்டும். அவ்விடைவெளி ஒரு முழத்துக்கும் குறைவு.

பெரியவர் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பெண்ட் பைப் எஞ்சின் தலையோடு சேரும் இடத்தை டார்ச்சு வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். அங்கே இரண்டு நட்டுகளுக்கு நடுவே, அலுமினியத்தின்மீது, மயிரிழை போன்ற ஒரு கரிக்கோடு வெளிப்புறமாக ஓடியிருந்தது. பிறகு சோப்பைத் தண்ணீரில் கரைத்து அவ்விணைப்பைச் சுற்றிலும் தடவி, எஞ்சினை உயிர்ப்பித்து, தடித்த ஈரத்துணியைக் கையுறையிட்ட கையால் சைலன்சரின் முனையில் சில நொடிகள் அழுத்திப் பிடித்தனர். கரிக்கோடு இருந்த இடத்தில் மட்டும் சிறுசிறு குமிழிகள் பொங்கி வெடித்தன. வேறெங்கும் ஒரு குமிழிகூட இல்லை. குழாய் சுடுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய சோதனை இது. சூடேறிய குழாயில் சோப்புத் தண்ணீர் ஆவியாகிவிடுமேயன்றி எதையும் காட்டாது.

உள்ளிருந்து வாயு வெளியே கசியும் இடத்தில் வெளிக்காற்று எப்படி உள்ளே போகும் என்று வேலை கற்கும் பையன்கள் கேட்பது வழக்கம். கேட்கத் தக்க கேள்வியுமாகும். சைலன்சருக்குள் வாயு ஆற்றுநீர்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு, எஞ்சின் இரண்டு முறை சுழன்றால் ஒருமுறையே திறக்கிறது. திறந்தவுடன் அழுத்த அலையொன்று குழாய்வழியே பாய்கிறது, அதன் பின்னால் அழுத்தம் குறைந்த அலை தொடர்கிறது. அந்த வினாடித் துணுக்கில் குழாயின் உள்ளழுத்தம் வெளியைவிடத் தாழ்ந்து, கசிவு இருக்குமிடத்தில் வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. ஆக்சிலேட்டர் திறந்திருக்கையில் குழாய் நிறைய வாயு பாய்வதால் நுழையும் காற்றின் பங்கு சிறிது. ஆக்சிலேட்டரை விட்டதும் வாயு அருகிவிட, அதே துளை வழியே வரும் காற்று பெரும்பங்காகிறது. மலையேறும்போது அமைதியாக இருந்த வண்டி இறங்கும்போது வெடித்ததன் காரணம் இதுவே. உள்ளே நுழைந்த காற்றைச் சென்சார் லீன் என்று எண்ண, கணிப்பெட்டி பெட்ரோலைக் கூட்ட, கூட்டிய பெட்ரோல் எரியாமல் வந்து அதே காற்றில் பற்றியது. மைலேஜ் குறைந்ததும் பிளக் கரிபிடித்ததும் தனித்தனி நோய்களல்ல. சென்சார் பழுதடையவில்லை. அது உண்மையைச் சொன்னது. கேள்வியைத்தான் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

கழற்றிப் பார்த்தபோது, எஞ்சின் தலைக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் வளைய வடிவான பேக்கிங், ஒருபுறம் நசுங்கித் தட்டையாகவும் மறுபுறம் தடித்தும் இருந்தது. துருப்பிடித்த குழாய்க்குப் பெயிண்ட் அடிப்பதற்காக எப்போதோ சைலன்சரைக் கழற்றியவர்கள் பழைய வளையத்தையே மீண்டும் வைத்து மாட்டியிருந்தனர். இவ்வளையம் முதன்முறை முடுக்கப்படும்போது தனக்குரிய இடத்துக்கேற்ப நசுங்கி அடைப்பதற்காகவே செய்யப்படுகிறது. கழற்றி மாட்டினால் அதே பள்ளங்கள் அதே மேடுகளில் அமர்வதில்லை. தேநீரும் வடையும் வாங்கும் காசுக்குக் கிடைக்கும் பொருளை மிச்சப்படுத்தியதால் ஆசிரியருக்கு ஒரு சென்சாரின் விலை வீணானது என்று பெரியவர் வருந்திச் சொன்னதுண்டு.

காற்று நுழையும் வழிகள் வேறும் உள்ளன. பெரியவர் அவற்றையும் வரிசை தவறாமல் பார்ப்பார். காற்றை அளக்கும் தகட்டுப் பகுதியையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர்க் கழுத்து வெடித்திருந்தால், அளவுக்கு உட்படாத காற்று சிலிண்டருக்கே சென்று கலவையை மெய்யாகவே லீன் ஆக்கும். அவ்விடத்தில் கார்ப் கிளீனரைப் பீய்ச்சினால் ஐடில் சத்தம் மாறுவதைக் கொண்டு அது தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வின் டாப்பெட் இடைவெளி இறுகி, வால்வு முற்றிலும் மூடாமல் நின்றாலும் எரியாத கலவை குழாய்க்குள் ஒழுகும். உள்தடுப்புகள் இல்லாத வெளிச் சைலன்சர் மாட்டிய வண்டிகளைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. கம்பெனி சைலன்சரை மாட்டிக்கொண்டு வருமாறு மட்டும் சொல்லிவிடுவார். அண்மை ஆண்டுகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியபின் மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால் அதற்குத் தேவையான காற்று குறைவு. ஆகவே பழைய பெட்ரோலுக்கு அளவு வைக்கப்பட்ட வண்டியில், சென்சாரின் திருத்தம் எட்டாத தருணங்களில், கலவை சற்றே லீன் பக்கம் சாய்கிறது. இருப்பினும் எல்லா வெடிக்கும் எத்தனாலையே குறைசொல்லும் இன்றைய போக்கு சோம்பலின் விளைவே. குழாயின் இணைப்பைப் பார்க்காமல் எண்ணெயைப் பழிப்பது தகாது.

காற்றைக் குழாய்க்குள் வேண்டுமென்றே செலுத்தும் ஏற்பாடும் ஒன்று உண்டு. ஏர் பில்டரிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் புறப்பட்டு, ஒருவழி வால்வின் வழியே எக்ஸாஸ்ட் துளைக்குச் சென்று, அங்கே மிஞ்சும் பெட்ரோல் ஆவியை எரித்து மாசைக் குறைக்கிறது. எஸ்.ஏ.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் இவ்வமைப்பு, ஆக்சிலேட்டரை விட்டவுடன் காற்றை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தும் வால்வு பழுதானால் இறக்கம் முழுதும் வெடி கேட்கும். குழாயைச் சற்று நேரம் இடுக்கியால் நெரித்துவிட்டு ஓட்டிப் பார்த்து, வெடி நின்றால் வால்வை மாற்றுவது முறை. குழாயை நிரந்தரமாக அடைத்துவிடும் குறுக்குவழியைக் கேட்டு வந்தோரை அவர் ஒருபோதும் ஏற்றதில்லை. மலைமேல் தூய காற்றை மூச்சுவிடும் ஊர்க்காரர்களே அதைக் கேட்பது அவருக்குப் பெரிதும் உறுத்தியது.

ஆசிரியரின் வண்டிக்குப் புது வளையம் வைத்து, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கி, ஒருமுறை நன்கு சூடேற்றி ஆறவிட்டு மீண்டும் முடுக்கினர். ஒரே பக்கத்தை முழுதும் முடுக்கிவிட்டால் வளையம் மறுபடி கோணலாக நசுங்கும் என்பதோடு, அலுமினியத் தலையில் பதிந்த ஸ்டட்டும் முறியக்கூடும். கணிப்பெட்டி தான் பழகிக்கொண்ட கூடுதல் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளச் சில நாள் ஓட்டம் ஆகும் என்று மகன் விளக்கினான். அடுத்த வாரம் வந்த ஆசிரியர், வெடி நின்றுவிட்டதாகவும் மைலேஜ் பழையபடி கிடைப்பதாகவும் சொன்னதோடு, விடியற்காலைக் குளிரில் முதல் சில வளைவுகளில் மட்டும் மெல்லிய 'பொட்பொட்' இன்னும் கேட்கிறது, அதையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார். பெரியவர் சைலன்சருக்குப் பின்னால் கையை நீட்டியபடி சற்று நேரம் கேட்டுவிட்டு, "அது எஸ்.ஏ.ஐ. வேலைங்க சார், எஞ்சின் சூடாகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், அதத் தொடாதீங்க" என்று சொல்லி, அடுத்து நின்ற வண்டிக்குச் சென்றார்.